முற்றத்துக் கொடிகளின் முன்வரலாறு

வீட்டு முற்றத்திலே நிற்கும் பூங்கன்றுகளுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசருக்கு வரலாறு உண்டு; போர்களுக்கும் கோட்டைகளுக்கும் உண்டு. மதிலின்மேற் படர்ந்து செந்நீலமாய்ப் பொலியும் கடதாசிப்பூவுக்கு என்ன வரலாறு இருத்தல் கூடும்? அது அங்கே நிற்கின்றது; பாட்டன் காலத்திலும் நின்றது; ஆகவே என்றும் நின்றது என்பதே நம் மனக்கணக்கு.

யாழ்ப்பாணத்து வளவொன்றினுள் நுழைந்து இக்கணக்கைச் சரிபார்ப்போம். படலையருகே கடதாசிப்பூ: அதன் தாயகம் பிரேசில். வேலியோரத்திலே பல நிறமாய் நிற்கும் குறோட்டன்: மொலுக்காத் தீவுகளையும் அவற்றுக்கு அப்பாற்பட்ட தீவுகளையும் சார்ந்தது. கிணற்றடியில் மாலைதோறும் மலரும் நாலுமணிப்பூ, அதாவது அந்திமந்தாரை, அமெரிக்கக் கண்டத்தது. விறாந்தையிற் சாடியில் வைத்த அந்தூரியம் கொலம்பியாவிலிருந்து வந்தது. பூசைக்கென்று விடியலிற் பறிக்கும் பட்டிப்பூவோ மடகாஸ்கர்த் தீவுக்கு உரியது. சிங்களத்திலே அரலிய எனப்பட்டுப் பன்சலைதோறும் நிற்கும் மரமும், பௌத்தத்தைக் கனவிலும் கண்டிராத வெப்ப அமெரிக்காவிலே தோன்றியதுதான். ஆங்கிலர் அதற்குக் கோயிற்பூ என்றே பெயரிட்டு விட்டனர்!

நம்முடைய பழங்கொடிகள் இல்லாமற் போய்விடவில்லை. முல்லை உண்டு, காந்தள் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்கள் எண்ணப்பட்டுள்ளன என்பதைத் தமிழ் படித்தார் அறிவர். படர்வதற்குக் கொழுகொம்பின்றி நின்ற முல்லைக்குத் தன் தேரை ஈந்த பாரியின் கதையை அறியாத சிறுவர் இல்லை. மனையில் வைத்து வளர்த்த முல்லையும் சங்கப் பாடல்களிலே பேசப்படுகின்றது. ஆயினும் அம்மலர்கள் அண்டையிலுள்ள மலையிலும் காட்டிலும் இருந்து முற்றத்துக்கு வந்தவை. இன்று முற்றத்தை நிறைப்பவற்றுட் பல பெருங்கடல்களைக் கடந்து வந்தவை. செடி தானாகக் கடல் கடவாது. யாரோ தோண்டினர், யாரோ சுமந்தனர், யாரோ தம் குடிநீரிற் பங்கு கொடுத்து அதனை உயிருடன் வைத்திருந்தனர். அந்த யாரோக்களைப் பற்றியதே இக்கட்டுரை.

கடதாசிப்பூவிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில் என்பவர் 1766ஆம் ஆண்டு முதல் 1769ஆம் ஆண்டு வரை இரு கப்பல்களுடன் உலகைச் சுற்றி வந்தார். புதிய நாடுகளைக் காண்பதும், கூடுமாயின் அவற்றை அரசருக்கு உரியனவாக்குவதும், அங்குள்ள பயன்தரு செடிகளை அறிந்து வருவதும் அப்பயணத்தின் நோக்கங்கள். இரண்டாவது கப்பலிலே கொமர்சோன் என்னும் தாவர அறிஞர் ஏறியிருந்தார். அவருக்குப் பணிவிடை செய்ய ஓர் இளைஞனும் உடனிருந்தான். 1767ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே கப்பல்கள் றியோ டி ஜனைரோத் துறைமுகத்திலே தரித்தன. அங்கேதான் இக்கொடியின் கிளைகள் அறிவுலகத்துக்கென முதன்முதலாகப் பறிக்கப்பட்டு உலர்த்தப்பட்டன.

பறித்தவர் யார் என்பது ஆராயத்தக்கது. கொமர்சோனுக்கு அக்காலத்தில் காலிலே ஆறாத புண். மலையேறுவதும் புதரினுட் புகுவதும் அவருக்கு அரிதாயிருந்தன. பயணம் முழுவதிலும் கருவிகளையும் உணவையும் செடிகள் அமுக்கும் கனத்த பலகைகளையும் சுமந்து காடுமேடு எல்லாம் ஏறி இறங்கியது அந்தப் பணியாள்தான். கொமர்சோன் அவரைத் தம் சுமைவிலங்கு என்றே குறித்திருக்கிறார். அந்த இளைஞன் உண்மையிலே ஓர் இளம்பெண். பெயர் ஜான் பாரே. பிரான்சின் பேர்கண்டி நாட்டுப்புறத்திலே கூலிவேலை செய்து பிழைத்த குடும்பமொன்றில் 1740ஆம் ஆண்டிலே பிறந்தவர். அரசின் கப்பல்களிலே பெண்கள் ஏறுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தமையால் மார்பை இறுகக் கட்டி, ஆணுடை தரித்து, முந்நூறுக்கு மேற்பட்ட ஆடவர் நடுவே ஓராண்டுக்கு மேலாக வாழ்ந்தார். 1768ஆம் ஆண்டு தாகித்தித் தீவிலேயே அவர் பெண் என்பது வெளிப்பட்டது. உலகைச் சுற்றி வந்த முதற்பெண் எனப் பிற்காலம் ஏற்றுக்கொண்டது அவரைத்தான். றியோவிலே அக்கொடியை முதலிற் பறித்த கையும் அவருடையதே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கொமர்சோனின் புண்ணை நினைக்கும்போது அக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

ஆனால் கொடிக்கு யார் பெயர் கிடைத்தது? கப்பலின் தலைவர் பெயர் கிடைத்தது. கொமர்சோன் வைத்த அப்பெயரை 1789ஆம் ஆண்டிலே ஜூசியே என்பவர் தம் தாவரநூலில் அச்சேற்றினார். அதே ஆண்டு பாரிசிலே பாஸ்தீய்ச் சிறை வீழ்ந்தது. ஆனால் தாவர நூலிலே தலைவரின் பெயர் தலைவருடையதாகவே நின்றது. கொமர்சோனின் பெயரைத் தாங்கிய உயிரினங்கள் எழுபதுக்கு மேல் உள்ளன. அவர் தம் துணையின் பெயராலும் ஒரு செடிக்குப் பெயரிட எண்ணினார் என்பது உண்மை. அது நிலைக்கவில்லை, அச்செடி வேறொரு பேரினத்தினுள் அடக்கப்பட்டுப் பெயர் அழிந்தது. கொமர்சோன் 1773ஆம் ஆண்டு மொரிசியசிலே இறந்தார். பாரே அங்கே ஒரு படைவீரரை மணந்து நாடு திரும்பினார். 1785ஆம் ஆண்டிலே கடற்படை அமைச்சு அவருக்கு ஆண்டொன்றுக்கு 200 லீவர் உதவிப்பணம் வழங்கியது. 1807ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். தென்னமெரிக்கக் கத்தரியினச் செடியொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதோ 2012ஆம் ஆண்டில். இருநூற்று ஐந்து ஆண்டுகள்!

இவ்விடத்திலே ஒரு சிறு விலகல். கடதாசிப்பூவின் இதழ்களை எண்ணுக என்று வகுப்பிலே கேட்டால் மாணவர் மூன்று என்பர். அவை இதழ்களே அல்ல, நிறமேறிய பூவடியிலைகள். அவற்றின் நடுவே, கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத மூன்று சிறு வெண்குழல்களே உண்மையான பூக்கள். கண்ணைக் கவர்வது ஒன்று; காயாவதற்கு உரியது இன்னொன்று. இக்கொடி நம் கிணற்றடி அந்திமந்தாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் மாணவர் நம்ப மறுக்கின்றனர். பூவைப் பிளந்து காட்டியபின்பு நம்புகின்றனர்.

பறித்து உலர்த்திய செடி வேறு, உயிருள்ள செடி வேறு. உலர்ந்தது நூலகத்துக்குப் போகும். உயிருள்ளதே முற்றத்துக்கு வரும். பாய்க்கப்பற் காலத்திலே உயிர்ச்செடிகளைக் கொண்டுசெல்வது பெரும்பாடு. உப்புக்காற்று இலைகளைக் கருக்கியது. எலிகள் வேரைத் தின்றன. நன்னீர் குறைந்தபோது மாலுமிக்கா செடிக்கா என்ற கேள்வி எழுந்தது. ஏற்றப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. இதற்குத் தீர்வு கண்டவர் கடலோடியல்லர். இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட். நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கு இலண்டனிலே அவர் வளர்க்க விரும்பிய பன்னங்கள் எல்லாம் வாடின. 1829ஆம் ஆண்டிலே ஒரு விட்டிலின் கூட்டுப்புழு எவ்வாறு உருமாறுகின்றது என்று காண அதனை ஈரமண்ணுடன் கண்ணாடிப் போத்தலில் வைத்து மூடினார். விட்டிலைக் காட்டிலும் வியப்பானது ஒன்று அங்கே நிகழ்ந்தது. மூடிய போத்தலினுள்ளே பன்னமும் புல்லும் தாமாக முளைத்தன. மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. நீர் வார்க்க வேண்டியதில்லை. புகையும் உப்பும் உட்புகுவதில்லை. 1833ஆம் ஆண்டிலே செடிகள் நிறைந்த இரு கண்ணாடிப் பெட்டிகள் சிட்னி நகருக்குக் கப்பலின் மேற்றளத்திலே அனுப்பப்பட்டன. அவை உயிருடன் சேர்ந்தன. திரும்பிய பெட்டிகளிலே ஆஸ்திரேலியச் செடிகள் உயிருடன் இலண்டனுக்கு வந்தன.

அன்று முதல் உலகத்துச் செடிகள் இடம் மாறத் தொடங்கிய வேகம் வியக்கத்தக்கது. இங்கிலாந்திலே கண்ணாடிமீதிருந்த வரி 1845ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. செல்வர் வீடுதோறும் கண்ணாடி மனைகள் எழுந்தன. வெப்பநாட்டுச் செடி ஒரு நாகரிகமாயிற்று. குறோட்டனின் புள்ளியும் கோடும் பற்றி அங்கே பெருமைப் போட்டிகள் நிகழ்ந்தன. இலண்டனிலே நாகரிகமானது கொழும்பிலும் கண்டியிலும் நாகரிகமாவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. கீழைத் தீவுகளின் செடியொன்று மேற்குக்குப் போய் மதிப்புப் பெற்று, பின்னரே கிழக்கிலுள்ள நம் விறாந்தைக்கு வந்தது என்பது குடியேற்ற ஆட்சியின் வினோதங்களுள் ஒன்று.

இலங்கையிலே இச்செடிகள் வந்திறங்கிய வாயில் பேராதனை. கண்டி அரசரின் பூங்காவாயிருந்த மகாவலி வளைவிலே 1821ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மூன் என்பவரால் அரச தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. மூன் 1824ஆம் ஆண்டிலே இந்நாட்டிலிருந்த சுதேசச் செடிகளும் வந்தேறிய செடிகளுமாக 1,127 செடிகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். உள்ளூர்ப் பெயர்களையும் அதிலே சேர்த்தார். பாராட்ட வேண்டிய செயல். அப்பெயர்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்த கிராமத்தவர் யார் என்பது மட்டும் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது.

ஒருவரை மாத்திரம் நாம் பெயர் சொல்லி அறிவோம். அவர் ஹரமானிஸ் த அல்விஸ் செனவிரத்ன. மூனின் காலத்திலே பேராதனையில் ஓவியராகச் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். மேலாளர் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்திலிருந்து வந்தனர். சிலர் இங்கேயே இறந்தனர். ஓவியர் அங்கேயே இருந்தார். காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட செடி வாடுமுன் அதன் இலையையும் பூவையும் நிறம் பிறழாமல் எழுதி வைத்தவர் அவர். பின்னர் மகன் வில்லியமும் அத்தொழிலைத் தொடர்ந்தார். மேலாளர் துவெயிட்ஸ் ஒரு சிறு ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். ஆனால் அப்பேரினமும் பாரேயின் செடியைப் போலவே வேறொன்றினுள் அடக்கப்பட்டு விட்டது. இனப்பெயராக மாத்திரம் அல்விசின் பெயர் எஞ்சியிருக்கிறது. இலையே இல்லாமற் பசுமையான வேர்களைக் கொண்டே மரக்கிளையிலே ஒட்டி வாழும் சின்னஞ்சிறு ஆர்க்கிட் அது.

பேராதனையை அழகுச்செடிகளின் இல்லமாக மட்டும் கருதுவோர் ஒன்றை மறந்து விடுகின்றனர். கொடிகளைக் கொணர்ந்த அதே பெட்டிகள்தாம் காசுப்பயிர்களையும் கொணர்ந்தன. 1876ஆம் ஆண்டிலே விக்கம் என்பவர் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் முளைத்தவற்றிலிருந்து 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் அடுக்கப்பட்டு அதே ஆண்டிலே கொழும்புக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. நுவரெலியாவுக்கு அருகே இன்று றோசாவுக்குப் பேர்போன ஹக்கலைப் பூங்காவும் பூவுக்காகத் தோன்றியதன்று. காய்ச்சல் மருந்து தரும் சிங்கோனாவை வளர்க்கவே 1861ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. சிங்கோனாவின் வருவாய் வீழ்ந்தபின் அழகுச்செடிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

கோப்பியும் அதன்பின் தேயிலையும் மலைகளை மூடியபோது, ஒவ்வொரு தோட்டத்தின் உச்சியிலும் துரையின் பங்களா எழுந்தது. பங்களாவைச் சுற்றிப் பூந்தோட்டம் எழுந்தது. றோசா, டாலியா, பியூசியா என்று குளிர்நாட்டுப் பூக்களும், தூண்களிலே படரும் வெப்பநாட்டுக் கொடிகளும் அங்கே சேர்ந்து நின்றன. அவற்றுக்குக் குழி தோண்டியவரும் நீர் சுமந்தவரும் கீழே லயத்திலிருந்து மேலேறி வந்தவர்கள். தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டு, மன்னாரிலே இறங்கி, காட்டுவழியே மலைக்கு நடந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். பத்தடி அறையின் வாயிலிலே, பழைய தகரப் பேணியில் மண்ணிட்டு அவர்கள் வளர்த்த சாமந்தியையும் டாலியாவையும் மலையகத்துக்குச் சென்றவர்கள் கண்டிருப்பர். பங்களாவிலே கிள்ளிய கிளை லயத்திலே தழைத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே சொல் ஒன்று கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தவனுக்குத் தோட்டம் என்பது புகையிலையும் வெங்காயமும் விளையும் நிலம். மலையகத்திலே அதே சொல் ஆயிரம் ஏக்கர்ப் பெருந்தோட்டத்தைக் குறிக்கும். தோட்டக்காட்டான் என்று அதனை வசையாக மாற்றியவர்கள் நாம், தமிழர்தாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் இந்நாட்டிலே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தொழிலாளர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலே 525,000 பேர் இந்தியாவுக்கென்றும் 300,000 பேர் இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டிலே சரிபாதியாகப் பகிரப்பட்டனர். கடைசி எச்சத்துக்குக் குடியுரிமை கிட்டியது 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேதான். துரையின் பங்களாத் தூணிலே படர்ந்த பிரேசில் நாட்டுக் கொடியிடம் அதன் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டா என எவரும் கேட்டதில்லை. தாவர நூலார் வந்தேறிய செடியொன்று தானே பெருகத் தொடங்கியதும் அது இந்நாட்டியல்பு பெற்றது என ஒரு வரியில் எழுதி முடித்து விடுகின்றனர்.

அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் எல்லாம் நன்மை தந்தவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். உண்ணிச்செடி என நாம் அறியும் லன்டானா, பல நிறக் கொத்துப் பூவுக்காக 1826ஆம் ஆண்டளவிலே தாவரவியற் பூங்கா வழியாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் அதன் கனியை உண்டு விதையைப் பரப்பின. பூங்கா வேலியைத் தாண்டிய செடி கோப்பி அழிந்து கைவிடப்பட்ட நிலங்களையும் காட்டோரங்களையும் பற்றிக்கொண்டது. இன்று உடவளவையிலே யானைகளுக்குரிய புல்வெளியை மூடி அவற்றின் உணவைக் குறைக்கின்றது. ஆகாயத்தாமரையின் கதையும் இதுவே. மெல்லிய ஊதாப் பூவுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொட்டிகளில் வளர்க்கப்பட்ட அது வாய்க்கால்களையும் குளங்களையும் அடைத்தது. 1909ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. விரும்பி வளர்த்தோர் ஒருசிலர். வாய்க்காலிலே இடுப்பளவு நீரில் நின்று வாரி எறிந்தோர் கமக்காரர்.

குடாநாட்டுக்குத் திரும்புவோம். இங்கே ஆறு இல்லை. பூவுக்கும் புகையிலைக்கும் மனிதருக்கும் நீர் ஒரே இடத்திலிருந்துதான் வரவேண்டும், அது கிணறு. பங்குனி சித்திரையிலே குறோட்டனுக்கும் அந்தூரியத்துக்கும் நாள்தோறும் நீர் வேண்டும். ஆகவே சாடிகள் நிறைந்த முகப்பு என்பது கிணறுடையவன் வீட்டின் அடையாளமாயிற்று. அதே ஊரிலே, சாதியின் பெயரால் கிணற்றிற் கைவைக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் வெறுங்குடத்துடன் கிணற்றடிக்கு அப்பால் நின்று, அள்ளி ஊற்றுவார் எப்போது வருவார் என்று காத்திருந்தனர். சாதி காரணமாகச் சமூகத் தடை விதிப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் வந்தவுடன் துலாக்கயிறு எல்லோர் கைக்கும் வந்துவிடவில்லை. பூஞ்சாடிக்குத் தவறாது கிடைத்த நீர் மனிதனுக்குக் காத்திருந்து கிடைத்த காலம் அது. கடதாசிப்பூவை மட்டும் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கலாம். நீர் குறைந்தாலே அது நன்கு பூக்கும். இந்த வறண்ட சுண்ணக்கல் நிலத்துக்கு அது பொருந்தியதன் இரகசியமும் அதுவே. கிணறில்லாதவன் வேலியிலும் அது பூத்தது.

வந்த செடிகளை நம்மவராக்கியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பது என் துணிபு. பூகன்வில்லின் பெயரைக் கேட்டறியாத அவர்கள், இலை கடதாசிபோலச் சலசலப்பதைக் கண்டு கடதாசிப்பூ என்றனர். மலரும் நேரத்தைக் கொண்டு நாலுமணிப்பூ என்றனர். மாலையில் வெண்மையாய் விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின் செஞ்சிவப்பாகும் கொடிக்கு இரங்கூன் மல்லி என்றனர். அக்கொடிக்கு அம்போய்னாத் தீவிலிருந்த ரும்பியஸ் என்ற அறிஞர் வைத்த இலத்தீன் பெயருக்கு, யார், எத்தகையது என்பதே பொருள். உடானி என்ற மலாயப் பெயர் ஒல்லாந்த மொழியிலே ஒரு கேள்விச் சொற்போல ஒலித்தமையால் அவ்வாறு மொழிபெயர்த்தாராம். அறிஞர் கேள்வியாக விட்டதற்கு நம் பெண்கள் விடையாக ஒரு பெயர் வைத்துவிட்டனர். மல்லிகைக்கும் அதற்கும் உறவில்லை. எனினும் பெயர் நல்ல பெயர்தான்.

கடதாசிப்பூ இங்கே விதை கொள்வது மிக அரிது. பென்சிற் பருமனான முற்றிய தடியை வெட்டி, மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலிலே வைத்துச் சில வாரம் பொறுத்திருந்தால் வேர்விடும். ஆகவே ஊரிலுள்ள ஒவ்வொரு கொடியும் இன்னொரு வளவிலிருந்து ஒருவர் வெட்டித் தந்த தடியே. மணிபிளாண்ட் இதனினும் ஒருபடி மேல். அது இயல்பாகப் பூப்பதே இல்லை. பாரே பெண்ணென்று அறியப்பட்ட தாகித்திக்கு அயலிலுள்ள மோரேயாத் தீவே அதன் தாயகம். அங்கிருந்து உலகெங்கும் அது கணுக்கணுவாகக் கிள்ளியே பரவியது. கேட்டு வாங்கி நட்டால் அது செழிக்காது, களவாடி நட்டாலே செல்வம் தரும் என்பது நம் பெண்களிடையே வழங்கும் நம்பிக்கை. அதனால் விருந்துக்கு வந்தவள் விடைபெறும் வேளையிலே விறாந்தை ஓரத்தில் ஒரு கணு தாமதிக்கிறாள். வீட்டுக்காரி அந்நேரம் பார்த்துத் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.